வரம்பற்ற முடியாட்சியும் ஐரோப்பியப் புரட்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போதும், போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுடன் உரையாடும்போதும் ஒரே விதமான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. மன்னர் கொடுமை செய்தார், மக்கள் பொங்கி எழுந்தார்கள் என்ற சுருக்கமான விளக்கம் பலருக்கு நிறைவளிப்பதில்லை. எனக்கும் அது நிறைவளிப்பதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான விடைகள் பிரான்சைப் பற்றியவை. இறுதிப் பகுதியில் பிற நாடுகளும் வருகின்றன.

வரம்பற்ற முடியாட்சி என்றால் மன்னர் நினைத்ததையெல்லாம் செய்யலாம் என்று பொருளா?

இல்லை. சட்டம் இயற்றவும், போர் தொடுக்கவும், அமைச்சர்களை நியமிக்கவும் நீக்கவும் மன்னர் எந்த அவையின் ஒப்புதலையும் பெற வேண்டியதில்லை. கடவுளுக்கு மட்டுமே அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இதுவே அந்த ஆட்சிமுறையின் கொள்கை. 1766-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் உயர் நீதிமன்றத்தில் பதினைந்தாம் லூயி நிகழ்த்திய உரையில், சட்டம் இயற்றும் அதிகாரம் எவரையும் சாராமலும் எவருடனும் பகிரப்படாமலும் தமக்கு மட்டுமே உரியது என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

நடைமுறையோ வேறு. மாகாணங்களுக்குத் தனித்தனி உரிமைச் சாசனங்கள் இருந்தன. திருச்சபைக்குத் தன் சொத்தும் தன் நிர்வாகமும் இருந்தன. 'பார்லமான்' எனப்பட்ட உயர் நீதிமன்றங்கள் அரச ஆணைகளைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் அவை அந்தந்தப் பகுதியில் செல்லுபடியாகும் என்ற மரபும் இருந்தது. (இங்கிலாந்தின் பாராளுமன்றத்தோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இவை நீதிபதிகளின் மன்றங்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகள் அல்ல.) கொள்கையில் எல்லையில்லாததாகவும் நடைமுறையில் ஆயிரம் சலுகைகளால் கட்டுண்டதாகவும் இருந்த இந்த இரட்டை நிலையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விடைகள் எளிதில் விளங்கும்.

"நானே அரசு" என்று பதினான்காம் லூயி சொன்னது உண்மைதானா?

1655-இல் அவர் அப்படிச் சொன்னதாகக் கதை உண்டு. ஆனால் அக்காலப் பதிவு எதிலும் அது காணப்படவில்லை. மாறாக, 1715-இல் மரணப் படுக்கையில், "நான் போகிறேன், அரசு என்றும் நிலைத்திருக்கும்" என்று அவர் கூறியதாகவே குறிப்பு இருக்கிறது. சொல் கற்பனையாக இருக்கலாம். ஆட்சியின் போக்கு கற்பனையன்று. 1648 முதல் 1653 வரை நீதிபதிகளும் பிரபுக்களும் நடத்திய ஃபிரோன்ட் கலகத்தைச் சிறுவனாகக் கண்ட அவர், 1661-இல் முதலமைச்சர் மசரின் இறந்ததும் அந்தப் பதவிக்கு வேறு எவரையும் அமர்த்தாமல் தாமே ஆட்சியை நடத்தினார். 1682-இல் அரசவை வெர்சாய் அரண்மனைக்கு மாறியது. மாகாணங்களில் தன் பெயரால் அதிகாரம் செலுத்தும் இன்டென்டன்ட் என்னும் அதிகாரிகளை நிலைபெறச் செய்தார். பிரபுக்களோ மன்னரின் கண்ணில் படுவதற்காக அரண்மனைத் தாழ்வாரங்களில் காத்துக் கிடந்தார்கள்.

இவ்வளவு அதிகாரம் உள்ள மன்னருக்குப் பணக்காரர்களிடம் வரி வாங்க முடியாமல் போனது ஏன்?

கேட்கப்படும் கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பிரபுக்களின் அரசியல் குரலைப் பறித்த முடியாட்சி, அதற்கு ஈடாக அவர்களுடைய வரிச் சலுகைகளைத் தொடாமல் விட்டது. முதன்மை நேர்முக வரியான டெய்ல் பெரும்பாலான மாகாணங்களில் பிரபுக்களைத் தீண்டவில்லை. மதகுருமார் வரி செலுத்தாமல், தாங்களே முடிவு செய்த ஒரு தொகையை 'விருப்பக் கொடை' என்ற பெயரில் வழங்கினார்கள். 1695-இல் தலைவரியும் 1749-இல் இருபதில் ஒரு பங்கு வரியும் கொண்டுவரப்பட்டபோது பிரபுக்களும் சட்டப்படி அவற்றுக்கு உட்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய சொத்து மதிப்பு குறைத்தே கணக்கிடப்பட்டது. கபேல் எனப்பட்ட உப்பு வரி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது: பிரிட்டனி மாகாணம் அதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது, பாரிஸைச் சுற்றிய பகுதிகளிலோ உப்பின் விலை பல மடங்கு உயர்ந்திருந்ததோடு, குறிப்பிட்ட அளவு உப்பைக் குடும்பங்கள் கட்டாயம் வாங்கவும் வேண்டியிருந்தது.

இதைவிடச் சிக்கலானது பதவி விற்பனை. போர்ச் செலவுக்குப் பணம் தேடிய மன்னர்கள் நீதிபதிப் பதவிகளையும் நிதித்துறைப் பதவிகளையும் விலைக்கு விற்றார்கள்; 1604 முதல் ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் அவற்றை வாரிசுக்கு விட்டுச்செல்லவும் முடிந்தது. 'மன்னரின் செயலர்' போன்ற பதவிகளை வாங்கியவர் பிரபுப் பட்டமும் வரி விலக்கும் பெற்றார். இன்றைய செலவுக்காக நாளைய வரி வருவாயை விற்றுத் தின்பதற்கு இது சமம். வரிவிலக்கை விலைக்கு வாங்கியவரிடம் அரசு மீண்டும் வரி கேட்டால், அது தன் சொத்தைப் பறிக்கும் செயல் என்றே அவர் வாதிட்டார். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது.

ஆகவே மன்னர் வலிமையற்றவராக இருந்ததால் வரி வாங்க முடியவில்லை என்பது பாதி விடையே. எவரையும் கலந்து பேசாமல் ஆள்வதற்காக அவரும் அவருடைய முன்னோரும் கொடுத்த விலைதான் அந்தச் சலுகைகள்.

அரண்மனை ஆடம்பரத்தால்தான் கருவூலம் காலியானது என்று படித்தோமே?

ஆடம்பரம் உண்மை, கருவூலம் காலியானதற்கு அது முதற்காரணம் அன்று. 1788-ஆம் ஆண்டின் கணக்குப்படி அரசின் செலவு சுமார் 62.9 கோடி லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). அரசவைக்கும் அரச குடும்பத்துக்கும் சென்றது அதில் ஏறத்தாழ 6 விழுக்காடு. பழைய கடனுக்கான வட்டியும் தவணையுமோ பாதியை விழுங்கின. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்கு எதிராகப் பிரான்ஸ் செலவிட்ட தொகை மட்டும் 100 கோடி லிவ்ரைத் தாண்டும். புதிய வரி விதிக்காமல், பெரும்பகுதியைக் கடன் வாங்கியே நிதிப் பொறுப்பாளர் நெக்கர் அதைச் சமாளித்தார்.

பிரிட்டனின் கடன் பிரான்சின் கடனுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. ஆனால் அங்கே கடனுக்குப் பாராளுமன்றம் பொறுப்பேற்றது. வரிப்பணம் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. எனவே வட்டி குறைவாக இருந்தது. பிரான்சில் மன்னரின் சொல் மட்டுமே பிணை. 1770-இல் நிதியமைச்சர் தெரே கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியதை ஒருதலைப்பட்சமாகக் குறைத்தபோது தடுக்க எவராலும் முடியவில்லை. எவருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர் கடனைத் திருப்பித் தராமலும் இருந்துவிடக்கூடும் என்பதைக் கடன் கொடுப்போர் வட்டியில் ஏற்றி வசூலித்தார்கள். வரம்பின்மைக்கு இப்படியொரு நேரடி விலை இருந்தது என்பதைப் பாடநூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

"ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்ற சொல்லைப் பற்றியும் இதோடு கேட்பார்கள். அதைச் சொன்னதாகக் கருதப்படும் மரி அந்துவானெத், அதாவது பதினாறாம் லூயியின் மனைவி, 1770-இல் பிரான்சுக்கு வருவதற்கு முன்பே, பெயர் சொல்லப்படாத ஓர் இளவரசியைப் பற்றிய கதையாக அது எழுதப்பட்டுவிட்டது.

1614-க்குப் பிறகு மக்கள் அவையைக் கூட்டவே இல்லை என்பது உண்மையா? அதனால் என்ன கெட்டுவிட்டது?

உண்மை. மதகுருமார், பிரபுக்கள், மற்ற அனைவரும் அடங்கிய மூன்றாம் பிரிவினர் என மூன்று பிரிவுகளின் பிரதிநிதிகளைக் கொண்ட ஸ்டேட்ஸ் ஜெனரல் 1614-க்குப் பிறகு 1789 வரை, அதாவது 175 ஆண்டுகள், கூடவில்லை. கெட்டுப்போனவை பல. முதலாவதாக, மன்னருக்கு எதிராகப் பேசும் இடம் நீதிமன்றங்கள் மட்டும்தான் என்று ஆனது. பதவியை விலைக்கு வாங்கிய, வரிச் சலுகை பெற்ற நீதிபதிகள் நாட்டின் உரிமைகளுக்குக் காவலர்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டார்கள். வேறு குரல் இல்லாததால் மக்களும் நம்பினார்கள்.

இரண்டாவது இழப்பு இதைவிடப் பெரிது. விட்டுக் கொடுத்தும் பேரம் பேசியும் பாதி கோரிக்கையோடு வீடு திரும்பியும் பழகிய அரசியல் தலைமுறை ஒன்றுகூட பிரான்சில் உருவாகவில்லை. 1789-இல் அவை கூடியபோது எப்படி வாக்களிப்பது என்பதைக்கூட ஏற்கத்தக்க வகையில் தீர்த்துவைக்கும் வழக்கம் எவரிடமும் இல்லை.

பதினாறாம் லூயி நல்ல மனிதர் என்கிறார்களே? பின் ஏன் அவர் தலையில் வந்து விடிந்தது?

1774-இல் 19 வயதில் அரியணை ஏறிய அவர் கொடியவர் அல்லர்; மக்கள் நலனை உண்மையாகவே விரும்பியவர். ஆனால் வரம்பற்ற முடியாட்சியில் மன்னரின் தனிக் குணமே அரசியலமைப்பாக இருந்தது. அவர் தயங்கினால் அரசே தயங்கும். தானிய வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் சீர்திருத்த முனைந்த தூர்கோவை 1774-இல் நிதியமைச்சராக நியமித்தார்; எதிர்ப்பு எழுந்ததும் 1776-இல் நீக்கினார். தம் பாட்டனார் பதினைந்தாம் லூயி 1771-இல் ஒடுக்கிய உயர் நீதிமன்றங்களை அரியணை ஏறிய ஆண்டிலேயே, நல்லெண்ணத்தோடு, மீட்டுக் கொடுத்தார். பிற்பாடு அவருடைய வரித் திட்டங்களைத் தடுத்து நின்றவை அதே நீதிமன்றங்கள்தாம்.

1787 பிப்ரவரியில் நிதியமைச்சர் கலோன், விலக்கின்றி எல்லா நிலத்துக்கும் வரி என்ற திட்டத்தைப் பிரமுகர்களின் அவை ஒன்றில் முன்வைத்தார். மன்னரே பொறுக்கியெடுத்த அந்த அவையும் மறுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 19-இல் புதிய கடனுக்கான ஆணையை மன்னர் நீதிமன்றத்தில் பதிவு செய்யச் சொன்னபோது, இது சட்டத்துக்கு முரணானது என்று அவருடைய உறவினரான ஓர்லியான் கோமகன் எழுந்து சொன்னார். லூயி தடுமாறிவிட்டு, "நான் விரும்புவதால் இது சட்டப்படி சரியானதே" என்று பதிலளித்தார். முதல் விடையில் கண்ட கொள்கையைத்தான் அவர் சொன்னார். ஆனால் 1766-இல் அச்சத்தோடு கேட்கப்பட்ட அதே கொள்கை, பணமில்லாத மன்னரின் வாயிலிருந்து வந்தபோது வெறும் பிடிவாதமாகவே ஒலித்தது.

1788 ஆகஸ்டு மாதத்தைச் சற்றே பாருங்கள். 8-ஆம் நாள் ஸ்டேட்ஸ் ஜெனரல் அடுத்த ஆண்டு கூடும் என்று அறிவிப்பு வந்தது. 16-ஆம் நாள் கருவூலம் தன் கொடுப்பனவுகளில் ஒரு பகுதியை நிறுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையே, 10-ஆம் நாள், புதுச்சேரியில் கப்பலேறி வந்திருந்த திப்பு சுல்தானின் மூன்று தூதர்களை வெர்சாயில் மன்னர் பெரும் பகட்டோடு வரவேற்றார். பிரிட்டனுக்கு எதிராக அவர்கள் கேட்ட படை உதவி கிடைக்கவில்லை. அந்த வரவேற்பின் ஒளிக்குப் பின்னால் எவ்வளவு வெறுமை இருந்தது என்பதை மைசூர் அறிந்திருக்க வழியில்லை.

அப்படியானால் முதலில் கலகம் செய்தது மக்களா, பிரபுக்களா?

பிரபுக்களும் நீதிபதிகளும்தான். 1788 மே மாதம் நீதிமன்றங்களின் அதிகாரத்தை அரசு குறைத்தபோது மாகாணங்கள் கொந்தளித்தன. ஜூன் 7-இல் கிரெனோபிள் நகரில் மக்கள் கூரை ஓடுகளைப் பெயர்த்துப் படைவீரர்கள் மேல் எறிந்தார்கள். அன்று அவர்கள் காத்தது நீதிபதிகளை. ஆனால் செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம், ஸ்டேட்ஸ் ஜெனரல் 1614-இல் இருந்த முறைப்படியே, மூன்று பிரிவுகளும் தனித்தனியாக, கூட வேண்டும் என்று தீர்மானித்ததும் அந்த மதிப்பு ஒரே இரவில் கரைந்தது. தனித்தனியாக வாக்களித்தால் சலுகை பெற்ற இரு பிரிவுகளும் சேர்ந்து மூன்றாம் பிரிவை எப்போதும் தோற்கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பஞ்சமும் ரொட்டி விலையும் இயற்கையின் கொடுமை அல்லவா? அதற்கு முடியாட்சியைக் குறை சொல்லலாமா?

1788 ஜூலை 13-இல் பெய்த கல்மழையை எந்த மன்னராலும் தடுத்திருக்க முடியாது. பாரிஸில் வழக்கமாக 8 அல்லது 9 சூ (சில்லறை நாணயம்) விலைக்கு விற்ற நான்கு பவுண்டு ரொட்டி 1789 தொடக்கத்தில் 14.5 சூ ஆனது. கூலித் தொழிலாளியின் ஒரு நாள் வருமானத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று.

ஆனால் மன்னரே மக்களின் தந்தை, அவர்களுக்கு உணவளிக்கக் கடமைப்பட்டவர் என்று அந்த ஆட்சிமுறைதான் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தது. எல்லா நன்மைக்கும் தாமே ஊற்று என்று சொல்லிக்கொண்டவர் எல்லாக் குறைக்கும் பொறுப்பாளராகவும் ஆவது தவிர்க்க முடியாதது. 1775-இல் தானிய விலை ஏறியபோது எழுந்த 'மாவுப் போர்' கலவரங்களிலேயே இது தெரிந்தது. 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் வெர்சாய்க்கு நடந்து சென்று அரச குடும்பத்தைத் தலைநகருக்கு அழைத்து வந்தபோது, ரொட்டிக்காரரையும் அவர் மனைவியையும் மகனையும் கொண்டுவருகிறோம் என்று முழங்கினார்கள். தந்தையிடம் உணவு கேட்கும் குரல் அது. ஆனால் அந்தத் தந்தையை அவர்கள் இனி கண்காணிப்பிலேயே வைத்திருந்தார்கள்.

வால்டேர், ரூசோ ஆகியோர் எழுதியதால்தான் புரட்சி வந்ததா?

நூல்கள் கருவூலத்தைக் காலி செய்யவில்லை, கூட்டத்தைக் கூட்டவுமில்லை. கூட்டம் கூடியபோது 'தேசம்', 'குடிமகன்', 'உரிமை' என்று பேசுவதற்கான மொழியை அவை தந்தன. தணிக்கையும், விசாரணையின்றிச் சிறையிலிடும் முத்திரைக் கடிதங்களும் இருந்ததால், நிர்வாகப் பொறுப்பை ஏற்றுப் பார்க்க வாய்ப்பற்ற அறிஞர்கள் கொள்கையளவில் அனைத்தையும் மறுவரையறை செய்தார்கள் என்பதும் முடியாட்சியின் விளைவுகளுள் ஒன்று.

கூட்டத்தைக் கூட்டியது மன்னரே. பிறகு ஏன் இரண்டே மாதத்தில் அது புரட்சியானது?

1789 மே 5-இல் அவை தொடங்கியபோது மூன்றாம் பிரிவுக்கு இருமடங்கு உறுப்பினர்கள் தரப்பட்டிருந்தார்கள். ஆனால் தலைக்கு ஒரு வாக்கா, பிரிவுக்கு ஒரு வாக்கா என்பதை மன்னர் முடிவு செய்யாமலேயே விட்டிருந்தார். ஆறு வாரம் வீணானது. ஜூன் 17-இல் மூன்றாம் பிரிவினர் தங்களைத் தேசிய அவை என்று அறிவித்தார்கள். ஜூன் 20-இல் மண்டபம் பூட்டப்பட்டிருக்கக் கண்டு, டென்னிஸ் மைதானத்தில் கூடி, அரசியலமைப்பு உருவாகும்வரை கலைவதில்லை என்று உறுதியேற்றார்கள்.

ஜூன் 23-இல் மன்னர் ஆற்றிய உரையைத்தான் இந்தக் கதையின் திருப்பமாக நான் கருதுகிறேன். வரிக்கும் கடனுக்கும் இனி அவையின் ஒப்புதல் வேண்டும் என்று அவர் அதில் ஏற்றுக்கொண்டார். 1787-இல் இதைச் சொல்லியிருந்தால் நாடே அவரைக் கொண்டாடியிருக்கும். ஆனால் மூன்று பிரிவுகளும் தனித்தனியாகவே இருக்க வேண்டும் என்றும், தம்மைக் கைவிட்டால் தாமே தனியாக மக்களின் நன்மையைச் செய்வதாகவும் அதே மூச்சில் எச்சரித்தார். மறுத்தவர்களுக்கு ஜூன் 27-இல் பணிந்தார். அதே நேரத்தில் பாரிஸைச் சுற்றிப் படைகளைக் குவித்தார். ஜூலை 11-இல் மக்கள் நம்பிய நெக்கரை நீக்கினார். மூன்றாம் நாள் பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்தது. உள்ளே இருந்த கைதிகள் ஏழு பேர் மட்டுமே. கூட்டம் தேடிச் சென்றது வெடிமருந்தை.

இங்கிலாந்திலும் மன்னர் தலை துண்டிக்கப்பட்டதே, அங்கும் இதே காரணமா?

ஒரு பகுதி ஒத்துப்போகிறது. முதலாம் சார்லஸ் 1629 முதல் 1640 வரை பாராளுமன்றமின்றி ஆண்டார். கடலோர ஊர்களுக்கு மட்டும் உரிய கப்பல் வரியை உள்நாட்டுக்கும் விரித்தார். ஸ்காட்லாந்துடன் போர் மூண்டதும் பணத்துக்காகப் பாராளுமன்றத்தைக் கூட்ட நேர்ந்தது. 1649 ஜனவரி 30-இல் அவர் கொல்லப்பட்டார். ஆனால் அங்கே சமயப் பூசலின் பங்கு மிகப் பெரிது. பிரான்சைப் போல அவை 175 ஆண்டுகள் மறைந்திருக்கவில்லை. 11 ஆண்டுகளே மூடியிருந்தது. எனவே 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் அதே பாதையில் சென்றபோது அவரை அகற்றவும் 1689-இல் உரிமைச் சட்டத்தை இயற்றவும் பழகிய கைகள் தயாராக இருந்தன.

ரஷ்யாவில் 1905-இலேயே டூமா அமைக்கப்பட்டதே? பிறகும் 1917 வந்தது எப்படி?

1905 ஜனவரி 9-ஆம் நாள், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தந்தையாகக் கருதப்பட்ட ஜாரிடம், அதாவது ரஷ்யப் பேரரசரிடம், மனுக் கொடுக்கச் சென்ற தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். ரொட்டி பற்றிய விடையில் கண்ட அந்தத் தந்தை நம்பிக்கை ரஷ்யாவில் ஒரே நாளில் உடைந்தது. அக்டோபரில் ஜார் இரண்டாம் நிக்கோலஸ், டூமா என்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு இசைந்தார். ஆனால் 1906-இன் அடிப்படைச் சட்டங்களில் தம் அதிகாரத்தை 'எதேச்சாதிகாரம்' என்றே குறிக்கச் செய்தார். முதல் டூமா மூன்று மாதம் நிறைவதற்குள் கலைக்கப்பட்டது. 1907-இல் தேர்தல் விதியே மாற்றப்பட்டது. 1915-இல் போர்முனைத் தலைமையையும் அவரே ஏற்றதால், ஒவ்வொரு தோல்வியும் நேரே அவர் பெயரில் எழுதப்பட்டது. 1917 மார்ச்சில் (புதிய நாட்காட்டிப்படி) அவர் முடிதுறந்தபோது காக்க எவரும் முன்வரவில்லை.

வரம்பற்ற முடியாட்சி இருந்த எல்லா நாட்டிலும் புரட்சி வெடித்ததா?

இல்லை, இதை மறந்துவிட்டுப் பேசுவது தவறு. டென்மார்க்கில் 1665-ஆம் ஆண்டின் அரச சட்டம் மன்னரின் வரம்பற்ற அதிகாரத்தை எழுத்திலேயே நிறுவியது. பிரான்சில்கூட அப்படி இல்லை. ஆனால் அந்த முடியாட்சி உழவர்களை நிலத்தோடு பிணைத்த கட்டை 1788-இல் அவிழ்க்கத் தொடங்கியது. 1830-களில் ஆலோசனை கூறும் மாகாண அவைகளை அமைத்தது. 1848 மார்ச்சில் கோபன்ஹேகன் மக்கள் ஊர்வலமாக வந்தபோது ஏழாம் பிரெடரிக் இசைந்தார். 1849 ஜூன் 5-இல் அரசியலமைப்பு கையெழுத்தானது. தலைநகரில் இரத்தம் சிந்தவில்லை.

பிரஷ்யாவில் வேறு விதமாக நடந்தது. புதிய அரசுக் கடனுக்கு மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் வேண்டும் என்று 1820-இன் சட்டம் கூறியது. ஆகவே மன்னர்கள் கடன் வாங்காமலேயே காலம் தள்ளினார்கள். இருப்புப்பாதை அமைக்கப் பணம் தேவைப்பட்டதும் நான்காம் பிரெடரிக் வில்லியம் 1847-இல் ஐக்கிய அவையைக் கூட்டினார். ஆனால் அரசியலமைப்பு என்ற எழுதப்பட்ட தாளைக் கடவுளுக்கும் நாட்டுக்கும் இடையே நுழைய விடமாட்டேன் என்று அதன் தொடக்கத்திலேயே அறிவித்தார். அவை கடனை மறுத்தது. மறு ஆண்டு மார்ச்சில் பெர்லின் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. 1789-இன் ஜூன் 23 உரையை நினைக்காமல் இதைப் படிக்க என்னால் முடிவதில்லை.

மன்னரை ஒழித்த பிரான்ஸ் பத்தே ஆண்டில் நெப்போலியனிடம் போய்ச் சேர்ந்ததே, அப்படியென்றால் புரட்சி வீணா?

நெப்போலியன் 1800-இல் மாவட்டங்களுக்கு அனுப்பிய பிரிபெக்ட் அதிகாரிகள் பழைய இன்டென்டன்ட்களின் வாரிசுகளே. மையத்திலிருந்து ஆளும் பழக்கத்தை முடியாட்சி பிரான்சுக்கு விட்டுச் சென்றிருந்தது. தடையாக இருந்த சலுகைகளையும் புரட்சி துடைத்துவிட்டதால் அவருடைய அதிகாரம் எந்த லூயியின் அதிகாரத்தைவிடவும் ஆழமாக ஊருக்குள் இறங்கியது. ஆனால் பிறப்பால் வரும் வரிவிலக்கையும் பதவி விற்பனையையும் அவர் மீட்கவில்லை. அவருக்குப் பிறகு திரும்பிவந்த, பதினாறாம் லூயியின் குடும்பமான புர்போன் மன்னர்களாலும் மீட்க முடியவில்லை.

அவர்களுள் பத்தாம் சார்லஸ் மட்டும் பழையபடி ஆள முயன்றார். 1830 ஜூலை 25-இல், அவையைக் கலைத்தும் பத்திரிகைகளை ஒடுக்கியும் வாக்குரிமையைச் சுருக்கியும், அவையின் ஒப்புதலின்றி ஆணைகளில் கையெழுத்திட்டார். ஜூலை 27 முதல் 29 வரை மூன்று நாள் பாரிஸ் போரிட்டது. ஆகஸ்டு 2-இல் அவர் முடிதுறந்தார்; பிறகு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.